தணிகா அழிக்கச் சொன்ன சத்தம்

காற்று இரைச்சல் விழாமலிருக்க மைக்குக்கு மேல் மாட்டுகிற சடை உறை பனியில் நனைந்தால் ஒரு நாற்றம் வரும்... ஆட்டுப்பட்டி நாற்றம். ஜவ்வாது மலையில் விடியற்காலையில் படம் எடுத்த நாட்களை நினைத்தால் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான்.

அந்த மைக்கைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடப்பவன் தணிகா. மலை ஏறுகிறவர்கள், பாறையில் கயிறு கட்டித் தொங்குகிறவர்கள் என்று சின்னச் சின்ன டாக்குமென்டரி எடுத்துக்கொண்டிருந்தோம். நான் கேமரா, அவன் சவுண்டு. கலசப்பாக்கத்துக்காரன். சாதாரணமாக வாயை மூடவே மாட்டான். ஜமுனாமரத்தூர் பஸ் மேலே போய்ச் சேர்வதற்குள் கண்டக்டரின் குடும்பக் கதை முழுக்க அவனுக்குத் தெரிந்துவிடும்.

ஹெட்போனை மாட்டினால் மட்டும் ஆள் மாறிவிடுவான்.

"யாரும் பேசாதீங்க... மூச்சு வுடணும்னா கூட அப்பால போய் வுடுங்க."

ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் அந்த இடத்தின் சத்தத்தைத் தனியாகப் பிடிப்பான். அதுவரை நாங்கள் எல்லோரும் சிலை மாதிரி நிற்க வேண்டும். முடிந்ததும் முதலில் ஸ்டாப்பை அழுத்துவான், அப்புறம்தான் வாயைத் திறப்பான். தப்பித்தவறி அவன் குரல் ரெக்கார்டிங்கில் விழுந்துவிட்டால் அந்த டேக்கை வைக்கவே மாட்டான்.

"காத்து வர்ற எடத்துல என் கொரலு இன்னாத்துக்குடா?" என்பான்.

நல்ல சவுண்டுக்காரன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

போன மாதம் அவன் மனைவி கவிதா போன் செய்தாள்.

"அண்ணா, யாழினி அவங்கப்பா கொரல கேக்கணும்னு சொல்லுது. பள்ளிக்கூடத்துல யாரோ கேட்டுட்டாங்களாம், உங்கப்பா எப்டி பேசுவாருன்னு. கல்யாண வீடியோல முழுக்க பாட்டா போட்டு வச்சிட்டாங்க. உங்ககிட்ட இல்லாம வேற யார்கிட்ட இருக்கும்?"

தணிகாவுக்குத் தொண்டையில் கட்டி வந்து குரல்வளையை எடுத்தபோது யாழினி கைக்குழந்தை. இப்போது இரண்டாம் வகுப்பு. அப்பா என்றால் அவளுக்குக் கை ஜாடையும் போனில் தட்டிக் காட்டுகிற எழுத்தும்தான்.

"எங்கிட்ட டிஸ்க் டிஸ்க்கா கிடக்குதும்மா, எடுத்துட்டு வர்றேன்" என்றேன். அவ்வளவு தைரியமாகச் சொன்னேன்.

லீவு போட்டு உட்கார்ந்து கேட்டேன். எல்லாம் இருக்கிறது... மலைப்பாதையில் பஸ் கியர் மாற்றுகிற முக்கல், சந்தை இரைச்சல், பாறையில் ஏறுகிறவன் வாங்குகிற மேல்மூச்சு. சாமைக் கொல்லையில் கால் வைத்ததற்கு ஓர் அம்மா என்னைத் திட்டினது கூடத் தெளிவாக இருக்கிறது. அப்புறம் காற்று, மணிக்கணக்கில் காற்று. தணிகா மட்டும் இல்லை.

எதைத் தேடுகிறேன் என்று எனக்குத் தெரியும். அது இருக்காது என்றும் தெரியும்.

ஒரு தடவை பாறை ஏறுகிற பையன்களைப் பக்கவாட்டில் எடுக்க நானும் கயிற்றில் இறங்கினேன். தணிகா மேலே விளிம்பில் மைக்கோடு படுத்திருந்தான். பாசி படிந்த இடத்தில் கால் வைத்துவிட்டேன். சர்ரென்று சறுக்கி, கயிறு இழுத்துப் பிடித்து, பாறையில் போய் மோதினேன்.

"டேய் சம்பத்து!"

அந்த மாதிரி என் பெயரை அதற்கு முன்னும் பின்னும் யாரும் கூப்பிட்டதில்லை. பெற்ற பிள்ளையைக் கிணற்றில் பார்த்தவன் போட்ட சத்தம் அது.

மேலே இழுத்துப் போட்டார்கள். முட்டி கிழிந்து ரத்தம். எங்கள் தொழில்காரப் புத்தியைப் பாருங்கள், தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் டேக்கைப் போட்டுப் பார்த்தோம். நான் சறுக்கினது அருமையாக விழுந்திருந்தது. கூடவே அவன் குரலும்.

"ச்சே, என் கொரலு வுழுந்துட்சி. அழிச்சிடு."

"இருக்கட்டும்டா, ஒரு ஞாபகத்துக்கு."

"இன்னா பெரிய ஞாபகம்! நான்தான் டெய்லி உன் காதுல கத்தினு இருக்கேனே. கார்டுல எடம் இல்ல, அழிடா."

தன் ரெக்கார்டரில் அவனே அழித்தான். என் கேமராவில் என்னை அழிக்க வைத்தான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் செய்தோம்.

இப்போது அதே பாறைக்கு ஞாயிற்றுக்கிழமை திருப்பத்தூரிலிருந்து பைக் பைக்காக வருகிறார்கள். போனைத் தூக்கிப் பிடித்து, "ஹாய் மக்களே" என்று காற்றுக்கு மேலே கத்திப் பேசுகிறார்கள். முன்னெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். இப்போது வருவதில்லை... பேசுங்கடா, நல்லா பேசுங்க, ஒண்ணையும் அழிக்காதீங்க என்று சொல்லத் தோன்றுகிறது.

வெறுங்கையோடு கலசப்பாக்கம் போனேன். கவிதா என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு காபி போட உள்ளே போய்விட்டாள். யாழினி விடவில்லை.

"மாமா, எங்கப்பா எப்டி பேசுவாரு? நீங்களே பேசிக் காட்டுங்க."

தணிகா எதிரே உட்கார்ந்திருந்தான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைக்கு அவன் கத்தின மாதிரியே கத்திப் பார்த்தேன்.

"டேய் சம்பத்து!"

கேவலமாக இருந்தது. அந்தக் கரகரப்பு இல்லை, அந்தப் பதற்றம் இல்லை. என் மூக்கடைத்த குரல்தான் வந்தது.

"அப்டியாப்பா?" என்று யாழினி அவனிடம் கேட்டாள்.

அவன் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். எத்தனை நல்ல டேக்குகளை வேண்டாம் என்று தள்ளியவன். கண் கலங்கியிருந்தது. மெதுவாகத் தலையை ஆட்டி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

நான் கிளம்புகிற வரைக்கும் யாழினி வீடு முழுக்க "டேய் சம்பத்து, டேய் சம்பத்து" என்று கத்திக்கொண்டே ஓடினாள். அப்பா மாதிரி பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, அச்சு அசல் என்னை மாதிரி.