எங்கள் வீட்டுப் பூனைக்குக் கிடைத்த பதினைந்து மாதங்கள்

இது ஒரு பூனையைப் பற்றிய சாட்சி. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான்.

என் பெயர் சாமுவேல். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் முப்பது வருஷமாக வேலை செய்கிறேன். டேபிள்மேல் தோலை விரித்து, விரலால் தடவிப் பார்த்து, முள் கீறினது, உண்ணி கடித்தது, அம்மைத் தழும்பு எல்லாவற்றையும் கண்டுபிடித்துத் தரம் பிரிப்பது என் வேலை. இந்த விரல்தான் ரூபியின் வயிற்றில் இருந்த கட்டியையும் கண்டுபிடித்தது.

ரூபி எங்கள் பூனை. மகள் ஷீபா காலேஜில் படிக்கும்போது, மழையில் நனைந்த குட்டியைத் துப்பட்டாவில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "இன்னாமா இது, வீட்ல பால் ஜாஸ்தியா இருக்குதா?" என்று கத்தினேன். அப்புறம் ஷீபா கல்யாணமாகி பெங்களூர் போய்விட்டாள். நானும் பூனையும் ஒருவரிடம் ஒருவர் மாட்டிக்கொண்டோம். தோலைப் பதப்படுத்த மீன் எண்ணெய் சேர்ப்பார்கள். அந்த வாசனை என் கையில் எப்போதும் இருக்கும். என் மனைவி லில்லி பல வருஷமாக மூக்கைச் சுளிக்கிற வாசனை அது. ரூபிக்கு அதுதான் உயிர். சாயங்காலம் என் வண்டிச் சத்தம் கேட்டதும் வாசல் கேட்டுக்கு ஓடி வந்து கையை நக்குவாள். வெளியில் ஆயிரம் பேரிடம் சிடுசிடுக்கிற எனக்கு, அந்த ஒரு நிமிஷத்துக்காகவே வீட்டுக்குப் போகத் தோன்றும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பக்ரீத் லீவு முடிந்து கம்பெனி திறந்த வாரம். ரூபி கேட்டுக்கு வரவில்லை. சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுத்தாள். தூக்கிப் பார்த்தால் காகிதம் மாதிரி இருந்தாள். வயிற்றைத் தடவினேன். உள்ளே கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. என் விரல் பொய் சொல்லாது.

மறுநாள் கூடையில் வைத்து வேலூருக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க அலறி, வாயில் நுரை தள்ளி, கூடையிலேயே மூத்திரம் போய்விட்டாள். அங்கே கால்நடை டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தார்கள். ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. குடலில் புற்றுநோய்.

"முழுசா குணமாகும்னு நான் சொல்ல மாட்டேன் சார்," என்றார்கள் டாக்டரம்மா. "ஆனா இது மெதுவா வளர்ற வகை. வீட்லயே மாத்திரையால அடக்கி வைக்கலாம். மனுஷங்களுக்குக் கொடுக்கற மாதிரி முடி கொட்டற அளவுக்கு மருந்து கொடுக்க மாட்டோம். பூனைக்கு நாளைக்கு என்ன ஆகும்னு தெரியாது. இன்னிக்கு வலிக்குதா, பசிக்குதா, அவ்ளோதான் தெரியும். அந்த இன்னிக்கை நாம கெடுக்கக் கூடாது."

எனக்கு எதுவும் ஏறவில்லை. புற்றுநோய் என்ற ஒரு வார்த்தையிலேயே நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டேன். "கர்த்தாவே, இந்தக் கட்டியை வேரோடு எடுத்துப் போடும்" என்று அழுதேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் சபையில் உபவாச ஜெபம். அவரவர் பாரத்தைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டால், பாஸ்டர் சத்தமாக வாசிப்பார், சபையே சேர்ந்து ஜெபிக்கும். நானும் எழுதினேன். "எங்கள் வீட்டு ரூபி, வயது ஒன்பது, வயிற்றில் புற்றுநோய்." பூனை என்று எழுதவில்லை. மறந்து அல்ல, வெட்கப்பட்டுத்தான் எழுதவில்லை. கம்பெனியில் ஏற்கெனவே எனக்குப் பூனைக்காரன் என்று பெயர். அது சபைக்கும் வர வேண்டுமா என்று நினைத்தேன். பாஸ்டர் வாசித்தார். ஒன்பது வயசுக் குழந்தை என்று நினைத்து ஜனங்கள் கதறி ஜெபித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் ஏழெட்டுப் பேர். ஹார்லிக்ஸ், பிரெட், ஆப்பிள். ஒருவர் கையில் ஒரு பொம்மைகூட இருந்தது. "பிள்ளை எங்க பிரதர்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள். லில்லி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. கட்டிலில் பழைய துண்டின்மேல் படுத்திருந்த ரூபியைக் காட்டினேன்.

ஒரு பெரியவர் ஆப்பிள் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "மனுஷனுக்கு ஜெபிக்கவே நேரம் பத்தல. இதுக்குப் போயி எங்களைப் பேஜார் பண்ணிட்டியேப்பா" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

கூட வந்திருந்த கிரேஸ் சிஸ்டர்தான் பேசினார்கள். அவர்கள் புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர்கள். "ஐயா, வெள்ளம் வந்தப்போ பேழையில ஏறின மனுஷங்க எட்டே பேருதான். மீதி இடமெல்லாம் இதுங்களுக்குத்தான் கொடுத்தாரு ஆண்டவரு. உக்காருங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா நீங்க மறைச்சது தப்பு பிரதர். ஆண்டவருக்குத் தெரியாதா இது பூனைன்னு?" என்றார்கள். அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ரூபியின் தலையில் கை வைத்தார்கள். கட்டி மறைய வேண்டும் என்று அவர்கள் கேட்கவே இல்லை. "அப்பா, இந்தச் சின்ன ஜீவனுக்கு நீர் வச்சிருக்கிற நாளெல்லாம் வலி இல்லாத நாளா இருக்கட்டும். வச்சிருக்கிறவங்களுக்குப் புத்தியைக் கொடும்" என்று மட்டும் ஜெபித்தார்கள். எனக்கு அது குறையாகத்தான் தெரிந்தது. இவ்வளவு சின்னதாகக் கேட்டால் எப்படி என்று நினைத்தேன்.

மாத்திரை ஆரம்பித்தோம். ஒன்று தினமும், இன்னொன்று ஒருநாள் விட்டு ஒருநாள். அந்த இரண்டாவதைக் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும், உடைக்கவும் கூடாது. நெத்திலியை மசித்து அதற்குள் வைத்துக் கொடுப்போம். லில்லிதான் அதில் கெட்டிக்காரி. நான் கொடுத்தால் மீனைத் தின்றுவிட்டு மாத்திரையை என் செருப்பில் துப்புவாள்.

இரண்டு மாதத்தில் ரூபி தேறினாள். தண்ணீர்த் தொட்டி மதிலில் வெயில் காய்ந்தாள். காக்காயைத் துரத்தினாள். ஒருநாள் சாயங்காலம் கேட்டில் நின்றாள். நான் வண்டியை ஸ்டாண்டுகூடப் போடாமல் இறங்கிவிட்டேன், வண்டி விழுந்தது. தடவிப் பார்த்தேன். கட்டி கையில் தட்டுப்படவில்லை.

அங்கேதான் நான் கெட்டேன். முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு அடுத்த ஞாயிறே சபையில் எழுந்து நின்றேன். "தேவன் ரூபியைப் பூரணமாகச் சுகமாக்கினார், இனி மருந்து இல்லை" என்று சாட்சி சொன்னேன். சொன்னபடி மாத்திரையையும் நிறுத்தினேன். மாத்திரை கொடுத்தால் அவிசுவாசம் என்று நினைத்துவிட்டேன். லில்லி எவ்வளவோ சொன்னாள். "ஏங்க, உங்க விசுவாசத்துக்கு அது ஏங்க மருந்தில்லாம கிடக்கணும்?" என்று கேட்டாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பார்கள். எங்கள் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டது பூனை அல்ல, நான்.

ஒன்பதாம் நாள் ரூபி எழுந்திருக்கவில்லை. பீரோவுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டாள். நான் கூப்பிட்டும் தலையைத் தூக்கவில்லை. மறுபடியும் கூடை, மறுபடியும் வேலூர். இந்த முறை அலறக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. அந்த அமைதியில் நான் செத்தேன்.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது. "தேறினதே மாத்திரையாலதான் சார். அதைத் திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காது. ஜெபம் பண்ணுங்க, வேணாம்னு நான் சொல்லல. மாத்திரையைக் கொடுத்துட்டு ஜெபம் பண்ணுங்க." மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். அந்த மூன்று நாளும் நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. "ஆண்டவரே, என் பெருமைக்கு அவளைத் தண்டிக்காதேயும். அவளுக்கு வலிக்காமல் பார்த்துக்கொள்ளும். எனக்குப் புத்தி கொடும்." கிரேஸ் சிஸ்டர் கேட்டதையேதான் கடைசியில் நானும் கேட்டேன். நான்காம் நாள் ரூபி கொஞ்சம் மீன் சாறு குடித்தாள்.

அடுத்த ஞாயிறு மறுபடி எழுந்து நின்றேன். "போன முறை நான் சொன்னது அவசரத்தில் சொன்னது. ரூபிக்கு நோய் இருக்கிறது. மாத்திரையால் உயிரோடு இருக்கிறாள்" என்றேன். பாஸ்டர் சபையைப் பார்த்துத் திரும்பினார். பிறகு, "மாத்திரை சாப்பிடறவங்க எல்லாரும் கையைத் தூக்குங்க" என்றார். சுகர், பிரஷர், தைராய்டு என்று முக்கால் சபை கை தூக்கியது. ஆப்பிள் பையைத் திரும்ப எடுத்த பெரியவர் இரண்டு கையையும் தூக்கினார். "யாரும் நிறுத்தாதீங்க. கொடுக்கறவரும் அவர்தான்" என்று சொல்லிவிட்டுப் பாஸ்டர் பாட்டு நம்பரைச் சொன்னார்.

அதற்குப் பிறகு ரூபியை அலைக்கழிக்கவில்லை. ரத்தப் பரிசோதனை தவிர எதற்கும் வேலூர் இல்லை. டாக்டரம்மா ஒரு வேலை கொடுத்தார்கள். அவளுக்கு உயிரான காரியங்கள் ஐந்தை எழுதச் சொன்னார்கள். கேட்டுக்கு வருவது, மதில் வெயில், நெத்திலி, உடம்பை நக்கிச் சுத்தம் செய்வது, லில்லியின் மடி என்று எழுதினோம். "இதுல மூணு போயிட்டா எனக்கு போன் பண்ணுங்க, தள்ளிப் போடாதீங்க" என்றார்கள். தினமும் காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு டிக் போட்டேன். கம்பெனியில் குறையைத் தேடித் தேடிப் பழகின கண் எனக்கு. வாழ்க்கையில் முதல் தடவையாக நல்லதைத் தேடிக் குறித்தேன். வாந்தி எடுத்த நாட்களும் இருந்தன. ஆனால் டிக் விழுந்த நாட்கள்தான் அதிகம். கிறிஸ்துமஸ் வந்தது, ஈஸ்டர் வந்தது. அடுத்த பக்ரீத் லீவுக்கு ஷீபா வந்தபோது ரூபி அவள் பெட்டிக்குள் ஏறித் தூங்கினாள்.

போன வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம் அவள் கேட்டுக்கு வருவதை நிறுத்தினாள். உடம்பை நக்கிச் சுத்தம் செய்யாமல் முடி சடை பிடித்தது. வியாழக்கிழமை நெத்திலியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். மூன்று போய்விட்டது. நான் போன் பண்ணவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஷீபா வருவதாக இருந்தாள். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, இரண்டே இரண்டு நாள்" என்று ஆரம்பித்தேன். கண்ணைத் திறந்து பார்த்தேன். பக்கத்தில் ரூபி வயிற்றைத் தரையில் வைக்க முடியாமல், படுக்கவும் முடியாமல் குந்தியிருந்தாள். அந்த இரண்டு நாள் யாருக்கு என்று எனக்கே தெரிந்தது. "எனக்குத் தைரியம் கொடும்" என்று மட்டும் சொன்னேன்.

ஷீபாவுக்குப் போன் பண்ணினேன். அவள் அழுதாள். அப்புறம், "எனக்காக அவள வச்சிருக்காதீங்கப்பா" என்றாள். உடனே டாக்டரம்மாவை அழைத்தேன். கூடை வேண்டாம், நானே வருகிறேன் என்றார்கள். மத்தியானம் மதில் ஓரத்து வெயிலில், லில்லியின் மடியில் அவளைப் படுக்க வைத்தோம். முதல் ஊசியில் தூங்கினாள். இரண்டாவது ஊசி அவளுக்குத் தெரியவே இல்லை. என் கை அவள் வயிற்றின்மேல் இருந்தது. மூச்சு நின்றதை என் விரல்தான் முதலில் அறிந்தது.

அழுதேன். இப்போதும் அழுகிறேன். ஆனால் மனசில் கசப்பு இல்லை. வேரோடு எடுத்துப் போடும் என்று கேட்டேன், அது கிடைக்கவில்லை. கிரேஸ் சிஸ்டர் கேட்ட சின்ன ஜெபத்துக்குப் பதினைந்து மாதம் பதில் வந்தது. ஒன்பது நாள் என்னால் கெட்டது, அதையும் அவர் மன்னித்தார்.

இப்போது சனிக்கிழமைகளில் கிரேஸ் சிஸ்டரோடு படுக்கையில் இருக்கிறவர்களைப் பார்க்கப் போகிறேன். போன மாதம் என்னோடு வேலை செய்த ஒருவர், கடைசிக் கட்டம். வீட்டார் எல்லாரும் அற்புதத்துக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஜெபித்தேன். பிறகு அவர் காதோரம் குனிந்து, "இன்னிக்கு உனக்கு இன்னா வேணும் தோஸ்த்?" என்று கேட்டேன். அவர் கண்ணைத் திறந்து, "ஷேவ் பண்ணி உடுறா" என்றார். பண்ணிவிட்டேன். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் நோய்ப் படுக்கை இருக்கலாம். மனுஷனாக இருக்கட்டும், வாயில்லா ஜீவனாக இருக்கட்டும், வெட்கப்படாமல் அவரிடம் கொண்டுபோங்கள். மருந்தைக் கொடுங்கள், ஜெபியுங்கள். "இன்னும் கொஞ்ச நாள்" என்று கேட்க வாய் வரும்போது மட்டும், அது யாருக்காக என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வார். அதைத் தாங்குகிற பெலத்தையும் அவரே கொடுப்பார். எனக்குக் கொடுத்தார்.