நோன்போடு மயக்க ஊசிக்குப் போனேன்

போன வருடம் நோன்பு மாதம். அடையாறில் ஒரு மருத்துவமனை. எண்டோஸ்கோபி பிரிவில் அன்று காலை முதல் ஆளாக என்னைத்தான் உள்ளே கூப்பிடுவதாக இருந்தது.

எனக்குத் தி.நகரில் பை, சூட்கேஸ் வியாபாரம். பித்தப்பையில் கல் என்று அதை எடுத்த பிறகு, பித்தக்குழாயில் தழும்பு விழுந்து அது சுருங்கிப்போனது. புற்றுநோய் இல்லை என்று டாக்டர் சொன்ன அன்று வீட்டில் பிரியாணியே போட்டோம். ஆனால் அந்தச் சுருக்கம் என்னை விடுவதாக இல்லை. கண் மஞ்சளாகும், உடம்பெல்லாம் அரிக்கும், குளிர்ஜுரம் தூக்கிப் போடும். வாய்வழியாகக் கருவியை விட்டு, ஸ்டென்ட் என்கிற சின்னக் குழலை உள்ளே வைப்பார்கள். சில மாதம் நன்றாக இருப்பேன். அதை எடுத்ததும் தழும்பு மறுபடி வளர்ந்து வழியை மூடிவிடும். பழைய குருடி கதவைத் திறடி!

கடைசியாக டாக்டர் ஒரு வழி சொன்னார். மருந்து பூசிய ஸ்டென்ட். மருந்து மெல்லக் கசிந்து, தழும்பு வளர விடாமல் தடுக்குமாம். இன்னும் பரிசோதனையில் இருக்கிறது, உறுதி சொல்ல முடியாது என்றார். இதுவும் சரிவராவிட்டால் வயிற்றைத் திறந்து, குழாயைக் குடலோடு இணைக்க வேண்டும். அந்த ஆபரேஷனுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. மருந்து ஸ்டென்ட்டுக்கே சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன்.

நோயாளிக்கு நோன்பு கட்டாயமில்லை என்று மனைவி தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். நான் கேட்டால்தானே? வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள், நோன்பு என்றாலே வெறும் வயிறுதான், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கணக்குப் போட்டேன். முந்தின நாள் போனில் நர்ஸ் சொன்ன நேரமெல்லாம் என் காதில் ஏறவே இல்லை. விடிவதற்கு முன் சஹர் சாப்பாட்டில் சோறும் கறிக்குழம்பும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்து சேர்ந்தேன்.

சாப்பிட்டீர்களா என்று நர்ஸ் கேட்டார். "நோன்பு சிஸ்டர். தண்ணிகூடத் தொடலை" என்றேன் பெருமையாக. அவரும் எழுதிக்கொண்டு, கையில் நரம்பு தேட ஆரம்பித்தார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா. நெற்றியில் பெரிய பொட்டு. அடையாற்றங்கரையில் குடியிருந்து, இப்போது பெரும்பாக்கம் அரசுக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டவர். என்னைப் போலவே குழல் மாற்ற வந்திருந்தார், முறை மதியத்துக்கு மேல்.

"சிஸ்டர், இரு இரு. நோன்புன்னா விடிகாலைல துன்னுட்டுதான் ஆரம்பிப்பாங்க. எங்க பக்கத்து வூட்டு பாய் அப்டித்தான். இன்னா பாய், நீ சாப்ட்டியா இல்லியா?"

நோன்பும் அதுவுமாகப் பொய் சொல்ல முடியுமா? சாப்பிட்டேன் என்றேன். நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

எனக்கு வந்ததே கோபம்! ஸ்டென்ட் வைக்கிற டாக்டர் மறுநாள் வெளியூர் போகிறார். இன்றைக்கு விட்டால் எப்போது கிடைக்குமோ. கண் வேறு மஞ்சளடித்துக் கிடக்கிறது. "உங்களை யாரும்மா கேட்டாங்க?" என்று கத்திவிட்டேன்.

அவர் அசரவே இல்லை. "கத்து பாய். கத்துறதுக்குத் தெம்பு கீதே, அது போதும்."

மயக்க மருந்து டாக்டர் வந்து சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே ஏறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்தாம். மதியத்துக்கு மேல் என்றால் செய்யலாம் என்றார். அந்த இடமோ அந்த அம்மாவுடையது. கத்தின வாயால் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

அவரே ஆரம்பித்தார். "நான் ராத்திரிலேந்து பட்டினிதான். இப்பவே போய்க்கிறேன், பாய் அப்பால வரட்டும். ஆனா என் பொண்ணு பெருங்குடில வேலைக்குப் போய்க்கினு கீது, மதியம்தான் வரும். தொணைக்கு ஆள் இல்லாம உள்ள உடமாட்டாங்களே?"

என் மனைவி எழுந்து நின்றாள். "நான் இருக்கேன் அக்கா."

என்ன உறவு என்று நர்ஸ் கேட்டுவிட்டு, புர்காவையும் பொட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "தங்கச்சின்னு போட்டுக்கோ சிஸ்டர்" என்றார் அந்த அம்மா. நர்ஸ் சிரித்துக்கொண்டே எழுதினார். குழல் மாற்றி முடிந்து, மயக்கம் தெளிந்து அந்த அம்மா முனகியபோது என் மனைவிதான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் மன்னிப்புக் கேட்டேன். பாதித் தூக்கத்தில் என் கையைத் தட்டிக்கொடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மதியம் எனக்கும் நல்லபடியாக முடிந்தது. சில மாதம் கழித்து அந்த ஸ்டென்ட்டை எடுத்தார்கள். இதுவரை குழாய் திறந்தே இருக்கிறது. அரிப்பில்லை, ஜுரமில்லை. மருந்தின் வேலைதானா, இனியும் இப்படியே இருக்குமா என்று டாக்டரே அடித்துச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் பயந்துகொண்டேதான் போகிறேன். ஆனாலும் கடையில் புது சரக்குக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு அடுத்த மாதம் குழலை எடுக்கிறார்கள். துணைக்குப் போவது அவருடைய 'தங்கச்சி'தான்.

அன்று விடியற்காலைத் தொழுகையில் நான் அல்லாவிடம் கேட்டதெல்லாம் டாக்டரின் கை நடுங்கக் கூடாது, குழல் சரியாக உட்கார வேண்டும் என்பதுதான். என்னைத் தடுத்து நிறுத்த ஒருத்தியை அனுப்பு என்று கேட்கத் தோன்றவில்லை. அதை நான் கேட்காமலேயே கொடுத்தான்.