கண்ணை மூடி இறங்கியவர்

தொண்ணூறுகளில் ஒருநாள் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்பொன்றில் தேங்காய்க்கு விலை பேசினேன். விலை படியாததுபோல் முறுக்கிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தவன், தோப்புக் கிணற்றில் விழுந்துவிட்டேன். கழுத்தளவு தண்ணீரில் மோட்டார் குழாயைக் கட்டிக்கொண்டு தொங்கியபோது தீயணைப்பு வண்டி வந்தது.

மேலே ஒரு முகம் தெரிந்தது. பெரிய மீசை. காக்கிச் சட்டைக்குள் அடங்காத தொப்பை.

"ஏனுங்க, வரலாமுங்களா?" என்றார், விருந்துக்கு வந்தவர் வாசலில் நின்று கேட்பதுபோல.

"வாங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

கயிற்று ஏணியில் இறங்கினார். கண்களை இறுக மூடியிருந்தார்.

"இன்னும் எத்தனை படிங்க?"

"மூணுங்க. ஏனுங்க கண்ணை மூடியிருக்கீங்க?"

"கெணத்தைப் பார்த்தாக் கிறுகிறுன்னு வருமுங்க."

"வேற ஆளை எறக்கியிருக்கலாமுல்லங்க?"

"அவனுக்கும் வருமுங்க. இன்னைக்கு எறங்க வேண்டியது என்ற முறைங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்ததில் குழாய் கையை விட்டு நழுவியது. மூடிய கண்களோடே என் சட்டைக் காலரை எட்டிப் பிடித்துவிட்டார். இரும்புப் பிடி. பிறகு அவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க, ஏணி எங்களோடு சேர்ந்து ஆடியது.

தடவித் தடவியே என் இடுப்பில் கயிற்றைக் கட்டினார். மேலிருந்தவர்கள் என்னை இழுத்துப் போட்டார்கள். தோப்புக்காரர் ஓடிவந்து விலையைக் குறைத்தார்; அது என் காதில் ஏறவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க, ஏறிட்டீங்களா?"

"ஏறிட்டேனுங்க. கண்ணைத் தொறக்காம நீங்களும் வாங்க."

கிணற்றோரம் குப்புறப் படுத்து, அவருக்குப் படி எண்ணிச் சொன்னேன்.

இன்றும் தீயணைப்பு வண்டி மணியடித்துப் போனால், உள்ளே யார் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று எட்டிப் பார்க்கிறேன்.