ஒரு விடுப்புக் கடிதமும் இரண்டு சனிக்கிழமைகளும்

போன மாதம், 2007 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, தனியாக மாமல்லபுரம் போய்வந்தேன். சிற்பம் பார்க்கப் போகவில்லை. என் கல்லூரி நண்பன் ஏகாம்பரம் ஆங்கிலத் தாளில் தேறினானா இல்லையா என்று தெரிந்துகொள்ளப் போனேன். ஏழு வருடம் கழித்து இது என்ன கேள்வி என்று என் மனைவி சிரித்தாள். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் விடுப்புக் கடிதத்தை நீட்டி, "கிராமர் கரெக்டா சார்?" என்று கேட்டதிலிருந்து எனக்கு அவன் ஞாபகமாகவே இருந்தது.

தாம்பரத்தில் காலை 7.20க்கு மின்சார ரயில். செங்கல்பட்டில் இறங்கும்போது 8.10. ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் நடந்தே போகலாம், ஆட்டோக்காரர் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். 8.40க்குத் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பேருந்து கிடைத்தது. கட்டணம் பத்து ரூபாய். ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினேன்.

"காலங்காத்தால அம்பது குடுத்தா நான் இன்னா சார் பண்றது? எறங்கும்போது வாங்கிக்க" என்றார் நடத்துனர். கடைசிவரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதே தடத்தில் 97, 98இல் ஏகாம்பரமும் நானும் சனிக்கிழமைதோறும் போவோம். அவன் மதுராந்தகம் பக்கம், விடுதி மாணவன். இருவரும் செங்கல்பட்டுக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு, இருவருமே தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். ஆங்கில இலக்கண விதிகள் மனப்பாடம். எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் தலைகீழாக மாற்றிக் காட்டுவோம். ஆனால் யாராவது ஆங்கிலத்தில் மணி கேட்டால் கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டிவிடுவோம். ஆங்கிலத் தாள் இரண்டு பேருக்கும் பாக்கி இருந்தது. மாமல்லபுரத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களிடம் நோட்டைக் கொடுத்துத் திருத்தி வாங்கலாம் என்பது அவன் யோசனை.

திருக்கழுக்குன்றம் பதினான்கு கிலோமீட்டர். அந்த நிறுத்தத்தை விட்டு வண்டி கிளம்பினால் தமிழ் பேசக்கூடாது என்று எங்களுக்குள் ஒரு சட்டம். மீதிப் பதினைந்து கிலோமீட்டரும் வாய் திறக்காமல் ஊமைகள் போல உட்கார்ந்திருப்போம். இந்த முறையும் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் நான் பேசவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

9.50க்கு இறங்கினேன், பாக்கி நாற்பதும் கிடைத்தது. அர்ச்சுனன் தபசு பார்க்கக் காசு கேட்பதில்லை. கடற்கரைக் கோவிலுக்குச் சீட்டு பத்து ரூபாய், அதே சீட்டில் ஐந்து ரதமும் பார்க்கலாம், தொலைத்துவிடாதீர்கள்.

படிக்கிற காலத்தில் ஒரு சனிக்கிழமை, இந்தக் கோவிலுக்குப் போகிற வழியில்தான் ஒரு கூத்து நடந்தது. எங்களுக்குத் தடங்கலில்லாமல் எழுத வந்த ஒரே ஆங்கிலம் விடுப்புக் கடிதம். காய்ச்சலால் அவதிப்படுவதால் இரண்டு நாள் விடுப்பு வேண்டும் என்று ஏகாம்பரம் பக்கம் நிறைய எழுதி, வயதான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியிடம் நீட்டினான். அவர் படித்தார். சட்டென்று அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். நிழலில் உட்கார வைத்து, தன் தண்ணீர் பாட்டிலையும் ஒரு பட்டை மாத்திரையையும் கொடுத்து, உடனே வீட்டுக்குப் போகச் சொன்னார். ஒரு பிழையைக்கூடத் திருத்தவில்லை. "எக்ஸாம் மேடம், ஒன்லி எக்ஸாம்" என்று இவன் கெஞ்சக் கெஞ்ச, பரிதாபம்தான் கூடியது. எதிரே சங்குக் கடை வைத்திருந்த கஸ்தூரி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். ஏகாம்பரம் அந்த மாத்திரையை நோட்டுக்குள்ளேயே பத்திரமாக வைத்துக்கொண்டான்.

அப்புறம் நிறையப் பேர் திருத்திக் கொடுத்தார்கள். 99 ஏப்ரலில் நான் தேறினேன், அவனுக்கு மறுபடியும் போயிற்று. எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. அக்டோபர் பரீட்சைக்கு முன்னால் அஞ்சலட்டை போட்டான்: "பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை மாமல்லபுரம் வாடா. ஒரே ஒரு நாள்." இஸ்திரி போட்ட சட்டையோடு, நோட்டை ஏந்திக்கொண்டு வெள்ளைக்காரர் பின்னால் போக எனக்கு வெட்கமாக இருந்தது. எனக்கு ஜுரம் என்று பதில் எழுதினேன். அதன்பின் அவனிடமிருந்து கடிதம் இல்லை. நானும் எழுதவில்லை.

அக்காவின் கடை இரண்டு முறை இடம் மாறியிருக்கிறது. விசாரித்துக் கண்டுபிடித்தேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"லீவ் லெட்டர் பார்ட்டி தானே நீ? அந்தப் புள்ளையோட வருவியே!"

"ஆமாக்கா. அவன் அப்புறம் வந்தானா?"

"தனியா வந்துச்சி. இன்னாடா சோடியக் காணும்னேன். 'அவனுக்கு ஜொரம்க்கா'ன்னிச்சி. அன்னிக்கு யாராண்டயும் நோட்டு நீட்டல. பொழுதுக்கும் அதோ அங்க குந்திகினு எழுதிகினே இருந்துச்சி. ஒரு மாத்திரப் பட்டயக் கையில வச்சிகினு, இத அவனுக்கு எப்டி அனுப்பறதுன்னு என்னியக் கேட்டுச்சி. பழசாயிருக்கும், தூக்கிப் போடுன்னேன்."

அக்கா சோழிமாலையை நேராக்கிக்கொண்டே தொடர்ந்தார்.

"மறு வருசம் லட்டு எடுத்துகினு வந்துச்சி. 'அவன் வந்தா சொல்லுக்கா, நான் பாஸாயிட்டேன். அப்டியே ஜொரம் வுட்டுச்சான்னு கேளு'ன்னிச்சி. வடக்க எங்கியோ வேலையாம். ஊர் பேரு என் வாய்ல நொழையல."

"சொல்லும்போது சிரிச்சானாக்கா?"

"அதெல்லாம் எனக்கு எங்கப்பா ஞாபகம் கீது?"

அவன் சிரித்திருந்தால் பொய் தெரிந்து மன்னித்திருக்கிறான். சிரிக்காமல் கேட்டிருந்தால் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறான். ஒரு மணி நேரம் மணலில் உட்கார்ந்திருந்தும் எது தேவலை என்று எனக்குத் தெரியவில்லை. இன்று அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலம்தான் எழுதுகிறேன். ஆனால் தப்பாகப் பேசிவிட்டு வெட்கமில்லாமல் சிரிக்க அவன் ஒருவன்தான் இருந்தான். அவனைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

போகிறவர்கள் பத்து மணிக்குள் போய்விடுங்கள், பிறகு பாறை சுடும். சில்லறை, தண்ணீர், குடை அவசியம். செங்கல்பட்டு திரும்ப மாலை ஐந்துக்கு முன்னால் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். ஆங்கிலம் பழகப் போகும் மாணவர்கள் தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள்.

இன்னொன்று. இதைப் படிக்கும் யாராவது வடக்கே எங்காவது, மதுராந்தகம் பக்கத்து ஏகாம்பரம் என்று ஒருவனைப் பார்த்தால், அவன் பாஸான சேதி எனக்கு வந்துசேர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள். அந்தச் சனிக்கிழமை எனக்கு ஜுரமே இல்லை என்றும் சொல்லிவிடுங்கள்.