தண்ணி கேன் குலுக்கல்

எங்கள் வீட்டில் தண்ணி கேன் யார் தூக்குவது என்பதைக் குலுக்கிச் சொல்ல, போனில் ஒரு பைத்தான் புரோகிராம் எழுதியிருந்தேன். பத்து நாளாக அக்கா பெயர்தான் வருகிறது.

அக்கா கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றில் பேக்கிங் செய்கிறாள். அங்கேயே கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற நாளைக்கு அவளுக்கு பைத்தான் டெஸ்ட். இன்று காலை புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள்.

"ஒன்னும் மண்டையில ஏறல. நான் போவல."

"அப்ப கேன் தூக்கினு வா. இன்னிக்கும் உன் பேருதான்" என்று போனை நீட்டினேன்.

வாங்கியவள் புரோகிராமைத் திறந்து மேலிருந்து படித்தாள்.

"இன்னாடா இது? சீட்டு குலுக்குறது ரேண்டம் மாட்யூலு. அத நீ இம்போர்ட் பண்ணி உள்ள கொண்டாரவே இல்லயே."

நான் விட்டத்தைப் பார்த்தேன்.

"லிஸ்ட்ல சைபர்னு போட்டு வெச்சிருக்க. சைபர்னா மொதல் பேருதான் வரும். மொதல் பேரு என்னுது. பத்து நாளா என்னை ஏமாத்திக்கினு இருந்தியா?"

"இவ்ளோ தெரியுதுல்ல, டெஸ்ட்டுக்குப் போக்கா."

போனை என் கையில் திணித்தாள். "போறேன். நீ போய் கேனத் தூக்கு."

நான் கேனோடு திரும்பியபோது புத்தகம் திறந்திருந்தது. சத்தமில்லாமல் டீ போட்டுப் பக்கத்தில் வைத்தேன்.

அவள் பாஸானால் பாதிப் பெருமை என் ஃபிராடு புரோகிராமுக்குத்தானே? நியாயத்தை கமெண்டில் சொல்லுங்கள்.