அக்கா இளைத்த தவக்காலம்

தொண்ணூற்றொன்றில் என் அக்காவைப் பெண் பார்க்கப் பென்னலூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை ஒரு கம்பெனியில் ஃபிட்டர். எல்லாம் பிடித்துவிட்டது, ஒன்றைத் தவிர. "பொண்ணு லட்சணமாத்தான் கீது. கொஞ்சம் எளைச்சா நல்லாருக்கும். ஈஸ்டர் கழிச்சி வெச்சிக்கலாம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, எங்கள் வீட்டு முறுக்கை மென்றபடியே. அக்கா குண்டுதான். வாய் நிறையச் சிரிப்பாள். அதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

அம்மா அவளைப் படப்பையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். தைராய்டு மாத்திரை, தினம் ஒன்று; மாதம் முடிந்ததும் வந்து காட்ட வேண்டும். அக்காவுக்குத் தைராய்டு கோளாறே கிடையாது, இளைப்பதற்கென்றே அதைக் கொடுத்தார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

சேரப்பணஞ்சேரி ரைஸ் மில்லில், ஆட்கள் சாப்பிடப்போன நேரம் பார்த்து, நெல் மூட்டை நிறுக்கும் தராசில் அக்காவை ஏற்றுவோம். எடை இறங்கிக்கொண்டே வந்தது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அதான் எளைக்கிதில்ல, திரும்பப் போயி இன்னாத்துக்கு?" என்று பழைய சீட்டைக் காட்டியே மாத்திரை வாங்கிவரச் சொன்னார். வாங்கி வந்தவள் நான்.

அதற்குள் தவக்காலம் வந்தது. எங்கள் வீட்டில் நாற்பது நாளும் ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடுதான். நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. அக்காவை யார் நோயாளி என்று நினைத்தோம்? சாமிக்கும் ஆச்சு, உடம்புக்கும் ஆச்சு என்று அம்மா மாத்திரையைத் தினம் இரண்டாக்கினார். ஒரே கல்லில் ரெண்டு மாங்காய் என்று நான் கிண்டல் வேறு செய்தேன். என் வாயில் மண்ணைப் போட.

ஒரு மத்தியானம் துணி துவைக்கையில் அக்கா என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தாள். தடதடவென்று அடித்தது. "படுத்தாலும் இப்டியேதான் அடிச்சிகினு கீது. அம்மாவாண்ட சொல்லாதடி, மாத்திரைய நிறுத்திடும்." நான் சொல்லவில்லை. அக்கா கேட்டுக்கொண்டதால்தான் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். மூத்தவளுக்கு முடிந்தால்தான் இளையவளுக்கு. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

குருத்தோலை ஞாயிறன்று, கோயிலில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். தாம்பரத்துக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அடுத்த தை மாதம் பென்னலூர்க்காரர்கள் மறுபடி வந்தார்கள், சின்னவளைக் கேட்டு. நான் சரி என்றேன். நல்ல மனுஷன். கல்லறைத் திருநாளுக்கு அக்காவுக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் அவரேதான் வாங்கி வருவார். ஏற்றி வைத்துவிட்டு வருஷா வருஷம் என்னிடம் கேட்பார்: "ஒடம்புக்கு முடியலன்னு யாராண்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருந்தா பொழச்சிருக்குமே, இல்ல?"