பழைய சர்வரை நிறுத்திய நாள்

என் கணவர் இறந்த அடுத்த வருடம், எங்கள் மென்பொருளை வைத்திருந்த சர்வர் கம்பெனி மூடப்போவதாக மெயில் வந்தது. பொங்கலுக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி, அவர் பெயருக்கே எழுதியிருந்தார்கள்.

பெரம்பலூரில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள் நாங்கள். சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து, டவுனில் ஓர் உரக்கடை மாடியில் கம்பெனி ஆரம்பித்தோம். ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் ஏற்ற வரும் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் கிடக்கும். தன் முறை எப்போது என்று டிரைவர் போனிலேயே பார்த்துக்கொள்ள ஓர் ஆப். திரையில் தெரிவதெல்லாம் என் வேலை, பின்னால் ஓடுவதெல்லாம் அவர் வேலை. ஒரு நாள் காலை குளித்துவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

அதன்பிறகு சர்வரை நான் தொடவே இல்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மெயில் வந்த பிறகுதான் அவருடைய பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போனேன். கடைசியாக உள்ளே வந்தது எப்போது என்று முதல் வரியிலேயே காட்டும். அவர் இறந்த அன்று காலை. குளிக்கப் போகுமுன் ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கிறார். அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போய்த் தொடர்பு அறுந்தது. திரும்ப உள்ளே போனால், அந்த இடத்தில் நான் வந்துபோன நேரம் இருந்தது. தேடியிருந்தால் பழைய பதிவு எங்காவது கிடைத்திருக்கும். தேடத் தெம்பில்லை.

விசாரித்ததில் கடைசியில் இரண்டு கம்பெனிகள் மிஞ்சின. ஒன்றில் அவர் எழுதியதை ஒரு வரி மாற்றாமல் அப்படியே ஏற்றிவிடலாம், ஆனால் இயந்திரம் அமெரிக்காவில், போனில் வந்துசேர நேரமாகலாம். இன்னொன்று மும்பையில். அவர் பயன்படுத்திய மென்பொருளின் பழைய பதிப்பு அங்கே ஓடாது, பாதியைத் திருத்தி எழுத வேண்டும்.

விக்கிரமங்கலத்தில் இருக்கும் மாமனாரிடம் போனில் சொன்னேன். அவருக்குச் சர்வர் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இது புரிந்தது.

"எதுல அவன் எழுதுனது அப்படியே இருக்குமோ, அதுலயே போட்ரும்மா."

என் மனமும் அதைத்தான் சொன்னது. இருந்தாலும் வரிசை காட்டும் ஒரு பக்கத்தை மட்டும் மும்பைக்கு ஏற்றபடி மாற்றி, இரண்டிலும் சோதனைக்கு ஏற்றிவிட்டு ஆலத்தியூர் போனேன். லாரிகள் நிற்குமிடத்தில் தெரிந்த டிரைவர் ஒருவர் இருந்தார். அவர் போனில் இரண்டையும் திறந்து பார்க்கச் சொன்னேன்.

"இது சுத்திக்கிட்டே கெடக்குங்க்கா. இந்தா, இது டக்குன்னு வந்துருச்சு பாருங்க. சிக்னல் இல்லாத எடத்துல இதான் லாயக்கு."

சட்டென்று வந்தது மும்பை. போனைத் திருப்பித் தருவதுபோல நீட்டி, அது தன் போன்தான் என்று நினைவு வந்து சிரித்துக்கொண்டே கேட்டார், "சார் எங்கக்கா, ஆளையே காணோம்?"

"அவரு தவறிட்டாருண்ணே. போன வருசம்."

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "தெரியாம கேட்டுட்டேங்க்கா. எங்களுக்கு யாரும் சொல்லலியே."

பஸ்ஸில் வரும்போதே முடிவாகிவிட்டது. வெயிலில் நிற்கிறவர்களுக்காக என் கணவர் எழுதியது அது. சுற்றிக்கொண்டே கிடந்தால் அவரே வைத்திருக்க மாட்டார்.

திருத்தும் வேலைதான் என்னைக் கொன்றது. புரோகிராம் வரிகளுக்கு நடுவே அவர் தனக்கென்று குறிப்புகள் எழுதியிருந்தார். ஓரிடத்தில், "இது தற்காலிகம், நாளைக்குச் சரி பண்ணிக்கலாம்." அதை நான் சரி பண்ணினேன். சரி பண்ணியபின் குறிப்பு அங்கே இருக்கக் கூடாது. அழித்தேன். அப்படி ஒவ்வொன்றாக.

புது சர்வருக்கு மாறிய அன்று ஒரு டிரைவர்கூடப் போன் செய்யவில்லை. மாறியதே யாருக்கும் தெரியவில்லை. வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று அர்த்தம். பழையதை நிறுத்திவிட்டு மாமனாரைக் கூப்பிட்டேன். எதைத் தேர்ந்தெடுத்தேன், ஏன் என்று சொன்னேன்.

"அப்ப அவன் எழுதுனது?"

"பாதி இருக்கு மாமா."

"சரிம்மா," என்றார். போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவர் பக்கம் டிராக்டர் ஒன்று போகிற சத்தம் கேட்டது, அப்புறம் அதுவும் நின்றுபோனது.